பைகளைப் பார்த்துக்கொள்பவர்

மருமகன் அச்சிட்டுக் கொண்டுவந்த பயணத் திட்டம் நான்கு பக்கம் இருந்தது. முதற்பக்கத்தில் தீவின் படம். இரண்டாம் பக்கத்தில் விமானமும் படகும் புறப்படும் நேரங்கள். மூன்றாம் பக்கத்தில் ஆறு நாள்களின் நிகழ்ச்சி நிரல். நான்காம் பக்கத்தில் ஓர் அட்டவணை. இடப்புறம் ஆள், வலப்புறம் பொறுப்பு. மருமகனுக்கு முன்பதிவும் ஸ்கூபா பயிற்சியும். மகளுக்கு மருந்துப் பெட்டியும் ஸ்கூபா பயிற்சியும். மருமகனின் தாயாருக்கு விடுதி அறைகளின் மேற்பார்வை. மாமனாருக்குப் புகைப்படம். கடைசி வரியில், ‘அத்தை: பைகளைப் பார்த்துக்கொள்பவர்’ என்று இருந்தது.

அத்தையாகிய அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவ்வரியை இருமுறை படித்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்துகொடுக்கும் கூடமொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக வேலை. மயிரிழைக் கோணலையும் கண்டுபிடிக்கும் கண் அவளுடையது. அவ்வரியில் பிழை ஏதும் இல்லை. தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள்.

“இது என்ன, மாப்பிள்ளை?”

“எது அத்தை?”

“கடைசி வரி.”

“ஓ, அதுவா! நாங்க தண்ணிக்குள்ள எறங்கினதும் படகுல ஒருத்தர் இருக்கணும்ல? ஃபோன், பாஸ்போர்ட், வாட்ச் எல்லாம் அங்கதானே கெடக்கும். பொறுப்பான ஆளு வேணும்.”

“எப்பவும் அவதானே பாத்துப்பா,” என்றார் அவள் கணவர், ரொட்டியை மென்றபடியே. அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

அது உண்மைதான். அவ்வீட்டுப் புகைப்படத் தொகுப்பைப் பிரித்தால் அருவியின் முன்னால் எல்லாரும் நனைந்து நிற்பார்கள். அவள் பாறையொன்றின்மேல் மூன்று பைகளோடு உலர்ந்திருப்பாள். மலை உச்சியில் எல்லாரும் கையை விரித்திருப்பார்கள். அவள் கையில் நான்கு குடைகள் இருக்கும். ஒரு படத்தில் அவள் முகமே இல்லை. பைகளுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று சொன்னால்தான் தெரியும்.

“நானும் எறங்கறேன்,” என்றாள் அவள்.

“எங்க எறங்கப் போறீங்க?” என்றார் மருமகனின் தாயார். “கரையில கால் நனைக்கிறதுன்னா நானும் வரேன், சம்பந்தி.”

“கடலுக்கு அடியில. சிலிண்டர் கட்டிக்கிட்டு.”

மேசையின் கீழே மகளின் கால் அவள் காலை இடித்தது. மேசையின் மேலே சம்பந்தியம்மாள் சிரித்தார். கெட்ட சிரிப்பன்று, வேடிக்கையைக் கேட்டவரின் சிரிப்பு.

“நம்ம வயசுக்கு அதெல்லாம் எதுக்குங்க? நான் ஒரு குடை கொண்டு வரேன். நீங்க ஒரு குடை கொண்டு வாங்க. மேல உக்காந்து ஊர்க்கதை பேசலாம்.”

“அத்தை, அதுக்குப் பயிற்சி இருக்கு, பரீட்சை இருக்கு,” என்றார் மருமகன் மெதுவாக.

“தெரியும். மூணாவது பக்கத்தை எடுங்க. ஆறாம் நாள் காலையில முக்குளிப்பு, சாயங்காலம் விமானம்னு போட்டிருக்கீங்களே, அது ஆகாது.”

“ஏன் ஆகாது?”

“ஆழத்துல இருந்து ஏறி வந்த ஒடம்பு பதினெட்டு மணி நேரமாவது தரையில இருக்கணும். உடனே வானத்துல ஏறினா, ரத்தத்துல கரைஞ்சிருக்கிற காத்து சோடா பாட்டிலைத் தெறந்த மாதிரி கொப்புளிக்கும். ஆறாம் நாளைக் காலியா விடுங்க. அஞ்சாம் நாள் காலையோட முடிச்சுக்கணும்.”

“இதை உங்களுக்கு யாரு சொன்னா?”

“நீங்க போன மாசம் இங்க மறந்துட்டுப் போன பயிற்சிப் புத்தகம். குளிர்பெட்டி மேல கெடந்துச்சு. எடுத்துப் படிச்சேன். நீங்க படிச்சீங்களா, மாப்பிள்ளை?”

மருமகன் காகிதத்தைப் பார்த்தார். காதுமடல்கள் சிவந்தன. பின்பு பேனாவை எடுத்து ஆறாம் நாளை அடித்தார். அவள் அப்பேனாவைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு நான்காம் பக்கத்தின் கடைசி வரியையும் அடித்தாள்.

*

பாத்திரங்கள் கழுவுமிடத்தில் மகள் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுப் பேசினாள். கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக.

“அம்மா, வெளையாடுறியா? வாயில ரப்பரைக் கடிச்சுக்கிட்டுதான் மூச்சு விடணும். உனக்கு…”

“எனக்கு என்ன?”

“உனக்குத் தெரியாதா?”

தெரியும். அவளுடைய மேல்வரிசைப் பற்கள் முழுவதும் செயற்கைப் பற்கள். மகளுக்கு ஒரு வயது இருக்கும்போது இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து, நடைபாதையின் விளிம்பில் முகம் மோதிப் போனவை போக, மீந்தவற்றையும் எடுக்க நேர்ந்தது. அன்று மருத்துவர் எடுத்த ஈறு அச்சை வைத்துத் தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொண்டாள். இப்போது வாயிலிருப்பது, பழையதையே மாதிரியாக வைத்துச் செய்த நான்காவது வரிசை. மகளுக்குத் தெரியும்; கணவருக்கும் தெரியும். ஆனால் அதன்பின் இருபத்தொன்பது ஆண்டுகளில் அவளை வெறும் வாயோடு கண்டவர் ஒருவரும் இல்லை. குளியலறைத் தாழ்ப்பாளுக்கு உள்ளேதான் அது கழற்றப்படும், கழுவப்படும், மீண்டும் பொருத்தப்படும். காய்ச்சலில் கிடந்த நாள்களிலும் அப்படியே. சம்பந்தி வீட்டாருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

“பல்லு வேலை பாக்குறவங்க பல்லுன்னா பல்லுதான்னு என் மாமியார் நிச்சயத்தப்பவே சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?” என்றாள் மகள். “அவங்க எல்லாத்தையும் அவங்க தங்கச்சிகிட்ட சொல்லுவாங்க. தங்கச்சி உலகத்துக்கே சொல்லும். எனக்கு மானம் போயிடும்.”

“பல்லு என்னோடது. மானம் மட்டும் எப்படி உன்னோடதாச்சு?”

“அம்மா!”

“குழாயை மூடு. தண்ணி வீணாகுது.”

*

பயிற்சி நிலையம் நகரத்தின் உள்விளையாட்டுக் கூடமொன்றில் இருந்தது. மூன்று ஆள் ஆழத்திற்கு ஒரு குளம், குளோரின் வாடை, சுவரெங்கும் ஈரம். குளத்தின் ஒரு பக்கச் சுவரில் தடித்த கண்ணாடி பதித்திருந்தார்கள். கீழ்த்தளத்திற்கு இறங்கிப் போனால் அக்கண்ணாடி வழியே நீருக்குள் நடப்பதைப் பார்க்கலாம். பயிற்சியாளர், தலைமுடியை ஒட்ட வெட்டிய, அகன்ற தோள்களையுடைய ஒரு பெண்மணி. சுருக்கமாகப் பேசுபவர்.

“நாலு வகுப்பு. கடைசி வகுப்புல, அடியில இருபது நிமிஷம் இருக்கணும். வாயில இருந்து ரெகுலேட்டரைக் கழட்டித் திரும்பப் போடணும், மூணு தடவை. அது முடிஞ்சாதான் நான் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து இல்லாதவங்களைத் தீவுப் படகுக்காரங்க எறக்க மாட்டாங்க. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை அவங்களுக்குப் பட்டியல் போயிடும். அப்புறம் மாத்த முடியாது.”

ரெகுலேட்டர் என்பது சிலிண்டரிலிருந்து வரும் காற்றை வாய்க்குத் தரும் கருவி. அதன் முனையிலுள்ள ரப்பர் வாய்ப்பிடியைப் பற்களால் கவ்விக்கொள்ள வேண்டும். உடல்நலப் படிவத்தில் முப்பது கேள்விகள் இருந்தன. பத்தொன்பதாவது கேள்வி, ‘கழற்றி மாட்டும் பற்கள் உண்டா?’ என்பது. அவள் பேனாவைச் சற்றே நிறுத்தினாள். பக்கத்தில் மருமகன் தம் படிவத்தை எழுதிக்கொண்டிருந்தார். அவள் ‘இல்லை’ என்று எழுதினாள்.

நீச்சல் அவளுக்குப் புதிதன்று. முழங்கால் வலிக்காக மருத்துவர் சொன்னதன் பேரில் மூன்றாண்டுகளாக நீந்துபவள். உதடுகளை இறுக மூடிக்கொண்டு, தலையை உயர்த்தியே நீந்துவாள். முதல் இரு வகுப்புகளும் இடுப்பளவு நீரில் நடந்தன. அங்கேயே அவள் கண்டுகொண்டாள்: கடையில் விற்கும் வாய்ப்பிடி அவள் மேல்வரிசையை நெம்புகிறது. நாக்கினால் அண்ணத்தை அழுத்திக்கொண்டிருக்கும் வரையில்தான் பற்கள் நிற்கும். நாக்கு எவ்வளவு நேரம் காவல் காக்கும்?

ஆனால் அதற்கு வழி தெரியாதவளா அவள்? வார நடுவில், மதிய இடைவேளையில், கூடத்தில் எல்லாரும் சாப்பிடச் சென்றபின் தன் வாயைத் தானே அச்செடுத்தாள். ஜிப்சம் மாவு ஊற்றி மாதிரி வார்த்து, மெல்லிய சிலிக்கோன் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் அழுத்தி, பல்லின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பொருந்துமாறு தனக்கென்று ஒரு வாய்ப்பிடி செய்தாள். கவ்வினால் ‘டக்’கென்று பூட்டுப் போல் விழுந்தது. அவள் வாழ்நாளில் செய்தவற்றுள் மிக நேர்த்தியான வேலை அது.

அந்த நேர்த்திதான் அவளைக் கவிழ்த்தது. மூன்றாம் வகுப்பில், மூன்று ஆள் ஆழத்தில், பயிற்சியாளர் சைகை காட்டியதும் அவள் ரெகுலேட்டரை வாயிலிருந்து இழுத்தாள். பூட்டு விடவில்லை. வாய்ப்பிடியோடு மேல்வரிசை முழுவதும் கையில் வந்தது. ரப்பர் முனையில் பதினான்கு பற்களும் வரிசையாக, இளஞ்சிவப்பு ஈறோடு, நீருக்குள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

ஒரு கணம் அவள் எல்லாவற்றையும் மறந்து கையால் வாயை மூடினாள். காற்று வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. வாய் தெரியக்கூடாது என்பதுதான் தோன்றியது. பயிற்சியாளர் அவள் கையை விலக்கித் தம்முடைய உபரி ரெகுலேட்டரை அவள் வாயில் வைத்து அழுத்திப் பிடித்தபடி, அவளை மெல்ல மேலே கொண்டுவந்தார். மகள் இரண்டடி தூரத்தில் மண்டியிட்டிருந்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள். மருமகன் நல்லவேளையாகத் தம் முகக்கண்ணாடிக்குள் புகுந்த நீரோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் படிவத்தை எடுத்துவந்தார்.

“பத்தொன்பதாவது கேள்வி, மேடம்.”

“தப்புத்தான்.”

“அது தொண்டைக்குள்ள போயிருந்தா? நான் யாருக்குப் பதில் சொல்றது?”

அவள் வாயில் பற்கள் மீண்டும் ஏறியிருந்தன. ஆனால் அவசரமாகப் பொருத்தியதால் சிறிது கோணலாக இருந்தன.

“பல்லோட எறங்க நான் விடமாட்டேன்,” என்றார் பயிற்சியாளர். “பல்லு இல்லாம எறங்கலாம். ஈறைப் பிடிச்சு நிக்கிற மாதிரி வாய்ப்பிடி இருந்தா, கழட்டும்போது வரத்துக்கு எதுவும் இருக்காது. அப்படி ஒண்ணு கடையில கெடைக்காது. யாராவது உங்க வெறும் வாய்க்கு அளவெடுத்துச் செஞ்சு தரணும். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி. அதோட பட்டியல் போயிடும். உங்க பேரை எதுல எழுதட்டும்? எறங்குறவங்களா, படகுல இருக்கறவங்களா?”

“சனிக்கிழமை சொல்றேன்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியின் பின்னிருக்கையில் மகள் அவள் காதருகே குனிந்தாள். “போதும்மா. நீ ஆசைப்பட்டே, முயற்சி பண்ணினே. யாரும் உன்னைக் கொறை சொல்லப் போறதில்ல. காது வலின்னு சொல்லிடலாம். எல்லாரும் நம்புவாங்க.”

“யாருக்குக் காது வலி? எனக்கா?”

“ஒரு பொய்தானேம்மா.”

“ஒரு பொய் எழுதிட்டுத்தான் வந்திருக்கேன். இன்னொண்ணுக்கு எடமில்ல.”

*

திங்கட்கிழமை காலையில் அவள் தன் வேலைமேசையில் அமர்ந்து, தன் வாயின் மாவு மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். முப்பத்திரண்டு ஆண்டு அனுபவமுடையவள் செய்யக்கூடாத பிழை அது. கழற்றும் பல்லைக் கழற்றாமல் அச்செடுப்பது, புதிதாக வேலைக்கு வந்தவர் செய்தால் அவளே திட்டுவாள். ஆனால் அன்று மதியம் அவளுக்கு அப்பற்களைக் கழற்ற வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. தன் சொந்த மாவுக்குக்கூட அவள் தன் வாயைக் காட்டவில்லை.

வெறும் ஈற்றைச் சரியாக அச்செடுக்க இன்னொருவர் கை வேண்டும். உதட்டை விலக்கி, கன்னத்தை இழுத்து, அச்சுப் பசை இறுகும் வரையில் அது நிரப்பிய தட்டை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் இருந்தவர் மாவு ஊற்றுபவர். ஐம்பது வயது ஆண். எப்போதும் புருவம் வரை வெள்ளையாக இருப்பதால் அவருக்கு ‘மாவு’ என்றே பெயர். இருபத்து நான்கு ஆண்டுகளாக அவள் பக்கத்தில் இருப்பவர்.

“மாவு, கதவைச் சாத்து. ஒரு அச்சு எடுக்கணும்.”

“நோயாளியே இல்லியே அக்கா. யாருக்கு?”

“எனக்கு.”

மாவு கதவைச் சாத்தினார். கிண்ணத்தில் பசையைக் கலக்கத் தொடங்கினார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கை வாய் வரை போயிற்று, நின்றது.

“உனக்கு ஒண்ணு சொல்லணும். என் மேல்வரிசை…”

“நீங்க செஞ்சது,” என்றார் மாவு, கலக்கியபடியே.

அவள் திரும்பினாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

“வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் நாளே தெரியும். எடப்பக்கக் கோரைப்பல்லைக் கொஞ்சம் திருப்பி வச்சிருக்கீங்கள்ல? இயற்கையா இருக்கணும்னு. நீங்க செய்யிற எல்லா வரிசையிலும் அந்தத் திருப்பம் இருக்கும். எனக்குப் புரியாதா? இந்த ஊர்ல பாதி பேரு உங்க கோரைப்பல்லோடதான் திரியறாங்க.”

“இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே நீ!”

“நல்லா இருக்குன்னு சொல்லலாம்னு பார்த்தேன். அடிப்பீங்கன்னு விட்டுட்டேன். வாயைத் தெறங்க அக்கா, பசை இறுகுது.”

கோபமும் வெட்கமும் ஒருங்கே வந்தன. ஆனால் பசை யாருக்காகவும் காத்திராது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் எவர்? பற்களைக் கழற்றி, கண்ணாடித் தட்டில் வைத்தாள். மேலுதடு உள்ளே விழுந்தது. மாவு அவள் முகத்தை ஒரு நோயாளியின் முகத்தைப் பார்ப்பது போலவே பார்த்தார்: எவ்வளவு அகலத் தட்டு வேண்டும் என்று. உதட்டை விலக்கினார், தட்டை ஏற்றினார், பிடித்துக்கொண்டார். இரண்டரை நிமிடம். வெளியே தெருவில் வண்டிகள் ஓடின.

“ஈறு நல்லா இருக்கு,” என்றார் தட்டைக் கழற்றியபின். “மேடு ஒசரமா இருக்கு. இதைப் பிடிச்சு எது வேணும்னாலும் நிக்கும். எதுக்குக்கா இது?”

அவள் பற்களைப் பொருத்திக்கொண்டு சொன்னாள். மாவு கேட்டுவிட்டு, “அப்போ முன்பக்கம் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு மடிப்பு விடுங்க. கீழ உங்க சொந்தப் பல்லு, அதுல கவ்வல் வைங்க. மேல கவ்வல் வேண்டாம். சேணம் மாதிரி உக்காரட்டும்,” என்றார்.

“உன்கிட்ட யோசனை கேட்டேனா?”

“கேக்கலை. நீங்க கேக்கறதுக்குள்ள அடுத்த மாசமாயிடும்.”

அவர் சொன்னபடிதான் செய்தாள். சிலிக்கோனை மூன்றுமுறை வார்த்து, இரண்டை வீசினாள். வெள்ளிக்கிழமை மாலை, மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு, பயிற்சி நிலையத்திலிருந்து இரவல் வாங்கிவந்த ரெகுலேட்டரின் குழாயை மாவு பற்றி இழுக்க, அவள் தலை முன்னால் வந்தது, வாய்ப்பிடி வரவில்லை.

*

சனிக்கிழமை. மகள் வழியெல்லாம் திட்டம் சொல்லிக்கொண்டே வந்தாள். உடைமாற்றும் அறையிலேயே பல்லைக் கழற்றிவிட வேண்டும். துண்டால் முகத்தைச் சுற்றிக்கொள்ள வேண்டும். படிகளில் இறங்கும் வரையில் மகள் முன்னால் மறைத்து நடப்பாள். ரெகுலேட்டரை வாயில் வைத்தபின்தான் துண்டை எடுக்க வேண்டும். ஏனெனில், பயிற்சி முடிந்ததும் அங்கிருந்தே எல்லாருமாகப் பெட்டிகள் வாங்கப் போவதாக மருமகன் ஏற்பாடு செய்திருந்தார். ஆகையால் அவருடைய தாயாரும், அவள் கணவரும்கூட வந்திருந்தார்கள்.

“திருட்டுப் பொருளைக் கடத்துற மாதிரி இருக்கு,” என்றாள் அவள்.

“அப்படியே வச்சுக்க. கடத்திட்டா போதும்.”

அவள் மறுக்கவில்லை. உண்மையில் அவளுக்கும் அத்திட்டம் ஆறுதலாகவே இருந்தது. பயிற்சியாளரிடம் புதிய படிவம் கேட்டு வாங்கி, பத்தொன்பதாவது கேள்விக்கு ‘உண்டு’ என்று எழுதி, கீழே கையெழுத்திட்டாள். ரப்பர் உடையை அணிந்துகொண்டாள். பற்களுக்கென வீட்டிலிருந்து எவர்சில்வர் குவளை ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதையும் துண்டையும் எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறையின் மூலைக்குத் திரும்பியபோது, அந்த அறைக்குள் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் அணி முழுவதும் நுழைந்தது. இருபது சிறுமியர். ஒரே கூச்சல். கழற்ற இடமில்லை. வெளியே வந்துவிட்டாள், பற்கள் இன்னும் வாயில்தான் இருந்தன.

குளக்கரை பெஞ்சில் சம்பந்தியம்மாள் அமர்ந்திருந்தார். அவரைச் சுற்றி எல்லாருடைய பைகளும் குவிந்திருந்தன.

“வாங்க சம்பந்தி! இந்த உடுப்புல உங்களை அடையாளமே தெரியலியே. சும்மாச் சொல்லக்கூடாது, தைரியந்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பசங்க சின்ன வயசு, அவங்க பண்ணட்டும். நமக்கு எதுக்கு இந்த வேஷம்? வாங்க, இப்படி உக்காருங்க. பைங்க எல்லாம் இங்கதான் இருக்கு. நாம பாத்துக்கலாம்.”

பெஞ்சில் தம் பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தும் விட்டார். உண்மையான அன்போடுதான் துடைத்தார். அந்த இடத்தை அவள் அறிவாள். பாறையில், மலையுச்சியில், திருமண மண்டபத்தின் ஓரத்தில், இருபத்தொன்பது ஆண்டுகளாக யாரோ ஒருவர் அவளுக்காகத் துடைத்துவைத்த இடம் அது. ஆனால் மற்றவர்கள்தாம் அவளை அங்கே உட்காரவைத்தார்கள் என்று சொல்லிவிட முடியுமா? அருவியில் நனைந்தால் வாயைத் திறந்து சிரிக்க நேரும். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், வாய் திறக்கும். பைகளோடு இருப்பவளை யாரும் சிரிக்கச் சொல்வதில்லை. பாதி இடம் அவளே தேடிக்கொண்டது.

மகள் துண்டை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். “அம்மா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்…”

“துண்டு வேண்டாம்.”

“அம்மா, ப்ளீஸ்.”

“நீ போய் உன் செருப்பை மாட்டு. தரை வழுக்குது.”

அவள் பெஞ்சின் முன்னால் நேராக நின்றாள். “சம்பந்தி, நான் உக்காரலை. எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இதைக் கொஞ்சம் பத்திரமா வச்சுக்கணும். எதுவும் மேல படாம.”

குவளையைச் சம்பந்தியம்மாளின் கையில் கொடுத்தாள். பின்பு கட்டைவிரலை மேல்வரிசையின் விளிம்பில் வைத்து, எந்த மறைவும் இன்றி, ஒரே இழுப்பில் கழற்றி, ‘டொக்’கென்று அதில் போட்டாள்.

மகள் கண்களை மூடிக்கொண்டாள். மருமகன் தம் சிலிண்டர் வாரைப் பிடித்தபடியே நின்றார். சம்பந்தியம்மாள் குவளைக்குள் பார்த்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் குவளைக்குள் பார்த்தார். அவர் வாய் திறந்தது. சொல் வரவில்லை. இரண்டு குடும்பங்களுக்குள் சம்பந்தம் ஏற்பட்ட நாளிலிருந்து அவர் பேசாதிருந்த முதல் கணம் அதுவாகவே இருக்கும்.

அவள் கணவர் நான்கடி தூரத்தில் புகைப்படக் கருவியோடு நின்றார். அவருக்குத் தெரிந்த முகம் அதுவன்று. மேலுதடு மடிந்து, மூக்கு நீண்டு, கன்னம் ஒட்டி, வேறொருத்தி போல் நின்றாள். அவர் கருவியைத் தாழ்த்தினார்.

“ஏன் எறக்கறீங்க? எடுங்க,” என்றாள் அவள். பற்களின்றிச் சொற்கள் பாதி காற்றாகவே வெளிவந்தன. ஆயினும் எல்லாருக்கும் புரிந்தன. “பயணத் திட்டத்துல உங்க வேலை அதுதானே? எடுங்க.”

அவள் சிரித்தாள். உதடுகளை மூடாமல், வாய் முழுவதும் திறந்து, ஈறு தெரியச் சிரித்தாள். கருவி இருமுறை சொடுக்கியது. பிறகு அவர் மிகவும் மெதுவாக, “முகக்கண்ணாடிப் பட்டையை இறுக்கிக்க. தண்ணி புகுந்துடும்,” என்றார்.

“இது…” என்று தொடங்கினார் சம்பந்தியம்மாள். குரல் எங்கோ இருந்து திரும்பி வந்தது. “இது நீங்களே செஞ்சதா?”

“நானேதான். நாலாவது.”

“கண்டே பிடிக்க முடியலியேங்க!”

“உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லுங்க. வேணும்னா அவங்களுக்கும் செஞ்சு தரேன்.”

பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். அவள் சிலிண்டரை மாட்டிக்கொண்டு, தன் வாய்ப்பிடியை ஈற்றின்மேல் வைத்து அழுத்தினாள். அது சேணம்போல் அமர்ந்தது. ஏணியில் பின்புறமாக இறங்கினாள். நீர் தோளைத் தொட்டது, காதை மூடியது, தலைக்குமேல் இணைந்தது. கரையின் பேச்சு அறுந்தது. தன் மூச்சின் ஓசை மட்டுமே மிஞ்சியது.

அடித்தளத்து ஓடுகளின்மேல் மண்டியிட்டாள். பயிற்சியாளர் சைகை காட்டினார். கழற்றினாள், கையில் ரப்பர் மட்டுமே வந்தது. வெறும் வாயிலிருந்து குமிழ்களை ஊதி விட்டாள், புத்தகத்தில் சொல்லியிருந்தபடி. திரும்பப் போட்டாள். இரண்டாம் முறை. மூன்றாம் முறை நீர் சிறிது புகுந்தது. பயிற்சியாளரின் கை முன்னால் வந்தது. அவள் அக்கையைத் தடுத்துவிட்டு, தானே ஒரு பலத்த மூச்சால் நீரை வெளியே தள்ளினாள். அதன்பின் குளத்தின் நெடுக்கில் ஒருமுறை நீந்தினாள். இன்னொருமுறை நீந்தினாள். தலையை உயர்த்த வேண்டிய தேவை இல்லை. வாயை மூடிக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

சுவரில் பதித்த கண்ணாடிக்கு அருகில் வந்தபோது மறுபக்கத்தில் ஆள்கள் தெரிந்தார்கள். கரையில் இருந்தவர்கள் கீழ்த்தளத்திற்கு இறங்கி வந்திருந்தார்கள். கணவர் கருவியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாளின் இரு தோள்களிலும் பைகள் தொங்கின. கழுத்திலும் ஒன்று கிடந்தது. மார்போடு அணைத்த கையில் எவர்சில்வர் குவளை இருந்தது. குவளையின் வாயை அவர் தம் கைக்குட்டையால் மூடியிருந்தார்.

பயிற்சியாளர் இடுப்பில் தொங்கிய சிறு பலகையை எடுத்து அதன்மேல் பென்சிலால் எழுதி அவளிடம் காட்டினார்: ‘இருபது நிமிடம் ஆயிற்று. தேர்ச்சி. மேலே போகலாமா?’

அவள் தன் சிலிண்டரின் அளவுமானியைப் பார்த்தாள். பின்பு பயிற்சியாளரின் கையிலிருந்து பென்சிலை வாங்கி, அவ்வரியின் கீழே, தன் திருத்தமான கையெழுத்தில் எழுதினாள்:

‘காற்று இன்னும் பாதி இருக்கிறது.’